யூரின் எரிச்சல்: பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே மாத்திரையா?

பெரம்பூர்_மெடிக்கல் (கேள்வி)

பெரம்பூர் பக்கம் மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். வெயில் ஏற ஏற கவுன்டரில் ஒரே பாட்டு: "யூரின் போனா எரியுது, ரெண்டு மாத்திரை குடுங்க." பாதிப் பேர் நார்ஃப்ளாக்சசின் என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள், கூடவே சிட்ரேட் சிரப் ஒரு பாட்டில்.

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தருவதில்லை. ஆனால் "டாக்டரைப் பாருங்க" என்று மட்டும் சொன்னால் நேராக எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் நின்ற இடத்தில் இரண்டு நிமிடத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் வேண்டும். பெண்ணிடம் என்ன கேட்பது, ஆணிடம் என்ன கேட்பது? யாரை அன்றைக்கே அனுப்புவது? எந்த டெஸ்ட் எடுக்கச் சொல்வது? சீட்டில் வரும் மருந்தை எப்படிச் சாப்பிடச் சொல்வது? அந்த சிரப்பால் நிஜமாகவே பயன் உண்டா?

"நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க" ரகப் பதில் வேண்டாம். அது கவுன்டர் பையனுக்கே தெரியும்.

யூரோ_ஓபி

கேள்வி கேட்பதற்கு முன்னால் அனுப்ப வேண்டியவர்களைப் பிரித்துவிடுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகில் விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக வலி, வாந்தி என்றால் கிருமி கிட்னிக்கு ஏறியிருக்கலாம். அவர்களுக்கு மாத்திரைப் பேச்சே வேண்டாம். கர்ப்பிணி, முட்டிக்கொண்டு வந்தும் யூரின் இறங்காதவர், ரத்தக் கட்டி போகிறவர், யூரின் டியூப் போட்டிருப்பவர், கிட்னி மாற்றியவர் எல்லாரும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு பக்க விதையில் திடீர் வலி என்று பையன் யாராவது வந்தால் ஆட்டோ பிடித்து அனுப்புங்கள். விதை முறுக்கியிருந்தால் சுமார் 6 மணி நேரத்துக்குள் திருப்பிவிட்டால்தான் அதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. உங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி அல்லது கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி, இரண்டிலும் ராத்திரியிலும் ஆள் இருப்பார்கள்.

மற்றவர்களிடம் ஒரே கேள்வியில் பாதி விஷயம் தெரிந்துவிடும்: எப்போது எரிகிறது, எங்கே எரிகிறது? ஆரம்பிக்கும்போதே எரிந்தால் கோளாறு பெரும்பாலும் யூரின் குழாயில். முடியும்போது கடுத்து, போய் வந்த பிறகும் அடிவயிறு இழுத்துப் பிடித்தால் நீர்ப்பை. ஆணாக இருந்தால் ப்ராஸ்டேட்டாகவும் (நீர்ப்பைக்குக் கீழே யூரின் குழாயைச் சுற்றியிருக்கும் சுரப்பி) இருக்கலாம். உள்ளே ஒன்றுமில்லை, வெளித்தோலில் படும்போதுதான் சுரீர் என்கிறது என்றால் அங்கே பூஞ்சையோ புண்ணோ சோப்பு ஒவ்வாமையோ இருக்கும். வீணாக ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவது இந்த மூன்றாவது கூட்டம்தான். பூஞ்சைக்காரர் அதைச் சாப்பிட்டால் நல்ல கிருமிகளும் செத்து, பூஞ்சை இன்னும் கொழுக்கும்.

ஆணையும் பெண்ணையும் ஏன் பிரிக்க வேண்டும்? பெண்ணின் யூரின் குழாய் 4 செ.மீ. அளவுதான், ஆணுடையது சுமார் 20 செ.மீ. மலக்குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமி பெண்ணின் நீர்ப்பைக்கு ஏறுவது சுலபம். அதனால் ஆரோக்கியமான பெண்ணுக்கும் இது வரும், வேறு காரணம் தேடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆணுக்கு வந்தால் காரணம் தேட வேண்டும். 35 வயதுக்குள் என்றால் முதலில் பால்வினைத் தொற்றை நினைக்கிறோம். 50 தாண்டினால் ப்ராஸ்டேட் வீங்கி, நீர் முழுதாக வெளியேறாமல் தேங்குவதை. எந்த வயதிலும் கல் இருக்கலாம். கல் இறங்கி நீர்ப்பை வாசலில் நின்றால் குறியின் நுனியில் வலிக்கும், அடிக்கடி போகத் தோன்றும். இன்ஃபெக்‌ஷன் மாதிரியே இருக்கும், காய்ச்சல் இருக்காது.

வயதான ஆண்களிடம் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: "சளி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபிட்ரின், குளோர்ஃபெனிரமின் கலந்த சளி மாத்திரைகள் ப்ராஸ்டேட்காரரின் யூரினை அடைத்துவிடும். முந்தாநாள் உங்கள் கவுன்டரிலேயே வாங்கியிருப்பார்.

காய்ச்சலோடு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வலி, யூரின் முக்கி முக்கிப் போகிறது என்றால் கடும் ப்ராஸ்டேட் இன்ஃபெக்‌ஷன். அது ஆஸ்பத்திரிக் கேஸ். ஆன்டிபயாட்டிக் 2 முதல் 4 வாரம் போகும். அந்த நேரத்தில் யாராவது பி.எஸ்.ஏ. டெஸ்ட் (ப்ராஸ்டேட் கேன்சருக்காகப் பார்க்கும் ரத்த டெஸ்ட்) எடுத்தால் எண் எகிறிக் காட்டும், கேன்சர் பயத்தில் குடும்பமே ஆடிப்போகும். இன்ஃபெக்‌ஷன் அடங்கி 6 முதல் 8 வாரம் கழித்து எடுப்பதுதான் சரி.

ஓஜி_வார்டு

பெண்களுக்கு மட்டும் சொல்கிறேன். "வெள்ளைப்படுதா, அரிக்குதா?" இதைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். உங்களுக்குத் தயக்கமென்றால் கடையில் இருக்கும் அக்கா யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல், எரிச்சலும் அடிக்கடி போவதும் புதிதாகச் சேர்ந்து வந்திருந்தால் 10-ல் 9 பேருக்கு அது நீர்ப்பை இன்ஃபெக்‌ஷன்தான். இரண்டில் ஒன்று இருந்தாலும் கணக்கு மாறிவிடும். தயிர் திரிந்த மாதிரி வெள்ளை, கூடவே அரிப்பு என்றால் பூஞ்சை. வழக்கமாக க்ளோட்ரிமசோல் உள்ளே வைக்கும் மாத்திரை, அல்லது ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரே வேளை. கர்ப்பிணிக்கு ஃப்ளூகோனசோல் கூடாது. நாற்றத்தோடு மஞ்சள், பச்சையாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ். அதற்கு மெட்ரோனிடசோல் 7 நாள். கணவரும் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப வரும்.

அடுத்த கேள்வி, நாள் தள்ளிப்போயிருக்கிறதா. கர்ப்பத்தில் எரிச்சலே இல்லாமல் யூரினில் கிருமி இருந்தாலும் மருந்து உண்டு, விட்டால் கிட்னிக்கு ஏறும், குறைப்பிரசவ ஆபத்தும் இருக்கிறது. செஃபலெக்சின், அமாக்சிசிலின் கிளாவுலனேட், ஃபாஸ்ஃபோமைசின் மாதிரி எதைக் கொடுக்கலாம் என்பதை கல்ச்சர் (யூரினில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) பார்த்து டாக்டர் முடிவு செய்வார். மருந்து முடிந்ததும் மறுபடி ஒரு கல்ச்சர் எடுப்பார்கள்.

மாதவிலக்கு நின்று போனவர்களை எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அங்கே தோல் மெலிந்து வறண்டு, தொட்டாலே எரியும். இன்ஃபெக்‌ஷனும் அடிக்கடி வரும். மாதாமாதம் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போகும் 60 வயது அம்மாவுக்கு உண்மையில் தேவை உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமாக இருக்கலாம். முதல் 2 வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு 2 நாள் என்பது வழக்கமான அளவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் கூடாது.

வாசனை வாஷ், டெட்டால் கலந்த தண்ணீர் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர் போதும். டெட்டாலால் கழுவிக் கழுவியே எரிச்சலை வரவழைத்துக்கொண்டு, அதற்கு மாத்திரையும் வாங்குவது பெரிய கூத்து.

கல்ச்சர்_பிளேட்

லேப் பக்கத்திலிருந்து. மாத்திரைக்கு முன்னால் சாம்பிள். இந்த வரிசை மாறினால் ரிப்போர்ட்டுக்கு மதிப்பே இல்லை. ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் உள்ளே போனாலே கிருமி வளராமல் "நோ க்ரோத்" என்று வரலாம். நோயாளி நார்மல் என்று நினைத்துக்கொள்வார்.

எடுக்கும் முறையைச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுங்கள். காலையில் முதல் யூரின் நல்லது, முடியாதென்றால் 3, 4 மணி நேரம் அடக்கி வைத்தது. கையையும் அந்த இடத்தையும் வெறும் தண்ணீரில் கழுவி, பெண்கள் இதழ்களை விரித்துப் பிடித்தும், ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளியும் போக வேண்டும். ஆரம்பத்தில் வருவது வெளியே, நடுவில் வருவது 20 மி.லி. அளவு டப்பாவில், கடைசி மறுபடி வெளியே. மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. டப்பா ஸ்டெரைல் கன்டெய்னராக இருக்க வேண்டும். வீட்டில் கழுவி வைத்த மருந்து பாட்டில் ரொட்டீன் டெஸ்ட்டுக்கே சரியில்லை, கல்ச்சருக்குச் சுத்தமாக ஆகாது.

2 மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, 4 டிகிரியில் 24 மணி நேரம் வரை தாங்கும். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் மதியம் வரை கிடந்தால் கிருமிகள் உள்ளேயே குட்டி போட்டு, இல்லாத இன்ஃபெக்‌ஷனை ரிப்போர்ட்டில் காட்டிவிடும்.

டியூப் போட்டவர்களுக்கு யூரின் சேரும் பையிலிருந்து ஊற்றிக் கொண்டு வருவார்கள். அது செல்லாது. டியூபில் இருக்கும் சாம்பிள் போர்ட்டிலிருந்து நர்ஸ் சிரிஞ்சால் எடுக்க வேண்டும்.

ரிப்போர்ட் வாசிக்கும்போது: எபிதீலியல் செல் அதிகம் என்றால் தோல் கலந்திருக்கிறது, சாம்பிள் எடுத்த முறை சரியில்லை. மூன்று நான்கு விதக் கிருமி கலந்து வளர்ந்திருந்தாலும் அதே அர்த்தம், திரும்ப எடுக்க வேண்டும். மி.லி.க்கு 1 லட்சம் கிருமி இருந்தால்தான் கணக்கு என்ற பழைய வரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க வேண்டாம். எரிச்சல் இருக்கும் பெண்ணுக்கு ஈ.கோலை மட்டும் தனியாக 1,000 வளர்ந்திருந்தாலும் டாக்டர் அதை மதிப்பார். நைட்ரைட் நெகட்டிவ் என்றால் இன்ஃபெக்‌ஷன் இல்லை என்றும் ஆகாது. எல்லாக் கிருமியும் நைட்ரைட் உண்டாக்காது, யூரின் நீர்ப்பையில் சில மணி நேரம் தங்கியிருக்கவும் வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. மாஸ்டர் செக்கப்பில் "பஸ் செல் 8-10" (பஸ் செல் என்றால் சீழ் செல்) என்று பார்த்துவிட்டு, ஒரு தொந்தரவும் இல்லாதவர் மாத்திரை கேட்டு வருவார். கர்ப்பிணியும் யூரின் குழாய் ஆபரேஷனுக்குப் போகிறவரும் தவிர மற்றவர்களுக்கு, தொந்தரவு இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால் பொதுவாக மருந்து தேவையில்லை. சுகர் இருந்தாலும் அப்படித்தான்.

டோஸ்_கணக்கு

மருந்துப் பகுதி என்னுடையது. பெண்ணுக்கு, காய்ச்சல் இல்லாத சாதாரண நீர்ப்பை இன்ஃபெக்‌ஷன் என்றால் சீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்.

நைட்ரோஃபுரன்டாயின் எஸ்.ஆர். (மெதுவாகக் கரையும் வகை) 100 மி.கி., காலை இரவு, 5 நாள், ஆக 10 மாத்திரை. சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டும், உறிஞ்சுவதும் குறையும். யூரின் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். மெக்னீசியம் ட்ரைசிலிகேட் உள்ள ஆன்டாசிட்டைக் கூடச் சாப்பிடக் கூடாது. கிட்னி வேலை நன்றாகக் குறைந்தவர், ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு நொதி குறைவு) உள்ளவர், பிரசவம் நெருங்கியவர் மூவருக்கும் இது ஆகாது. இந்த மருந்து யூரினில்தான் சேரும், சதைக்குள் போய் நிற்காது. கிட்னிக்கு ஏறிய இன்ஃபெக்‌ஷனுக்கும் ப்ராஸ்டேட்டுக்கும் இது பயன்படாததற்குக் காரணம் அதுதான். காய்ச்சலோடு இருக்கும் ஆணின் சீட்டில் இதைப் பார்த்தால் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பவுடர், ஒரே வேளை. அரை டம்ளர் சாதாரணத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், வெந்நீரில் கரைக்கக் கூடாது. இரவு சாப்பிட்டு 2, 3 மணி நேரம் கழித்து, யூரின் போய்விட்டு, குடித்துப் படுத்துவிட்டால் மருந்து ராத்திரி முழுக்க நீர்ப்பைக்குள் நிற்கும். மறுநாளே எரிச்சல் மறையாது, 2, 3 நாள் ஆகும். அதற்குள் "பவுடர் வேலை செய்யல" என்று வந்து நிற்பார்கள்.

நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகையை இப்போது முதல் மருந்தாக வைப்பதில்லை. நம் நாட்டு ஈ.கோலையில் பெரும்பகுதி அதற்கு மசிவதில்லை. தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து வேறு, முக்கியமாக 60 தாண்டியவருக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கும். க்ளிமெபிரைட் சாப்பிடும் சுகர்காரருக்கு சுகர் தடாலென்று இறங்கலாம். பால், இரும்பு, கால்சியம் மாத்திரையோடு சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது. ப்ராஸ்டேட்டுக்குள் நன்றாக ஊடுருவும் என்பதால் கல்ச்சரில் சிப்ரோ வேலை செய்வதாக வந்தால் ஆண்களுக்கு டாக்டர் எழுதுவார். அங்கே அது சரியான மருந்துதான். இரண்டே மாத்திரை வாங்கிப் போவது எந்தக் கணக்கிலும் சேராது. ஆணுக்கு எளிய இன்ஃபெக்‌ஷனே 7 நாள்.

செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் வந்தால் அது ஷெட்யூல் எச்1, அதாவது கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துப் பட்டியல். தனி ரிஜிஸ்டரில் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எழுதி 3 வருடம் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இனி சிட்ரேட் சிரப். யூரினின் புளிப்பைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும், கிருமியைத் தொடாது. 2, 3 டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து, 2 நாளுக்கு மேல் வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், நைட்ரோஃபுரன்டாயின் புளிப்பான யூரினில்தான் நன்றாக வேலை செய்யும். சிரப்பையும் அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்று மற்றதன் காலை வாரிவிடும். சிப்ரோவோடு சேர்ந்தால் யூரினில் மருந்தே படிகமாகப் படியலாம். சோடியம் உள்ள சிரப் பி.பி., இதய நோயாளிக்கு ஆகாது. பொட்டாசியம் உள்ளது கிட்னி நோயாளிக்கும், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவருக்கும் ஆகாது.

வலி தாங்கவில்லை என்றால் டாக்டர் ஃபெனசோபிரிடின் 200 மி.கி. மூன்று வேளை, சாப்பிட்ட பின், 2 நாளுக்கு எழுதுவார். யூரின் ஆரஞ்சாகப் போகும், துணியில் கறை பிடிக்கும். ஸ்ட்ரிப் டெஸ்ட்டையும் குழப்பும், அதனால் சாம்பிள் கொடுத்த பிறகுதான்.

சர்க்கரை_கிளினிக்

ஒரு சேர்ப்பு. "சுகருக்கு என்ன மாத்திரை?" என்று கேளுங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்றால் அவை சர்க்கரையை யூரின் வழியாகத்தான் வெளியேற்றுகின்றன. அங்கே ஈரமும் இனிப்பும் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். 2020-ல் டாபாக்ளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு இது ரொம்பப் பரவலாகிவிட்டது. ஆண்களுக்கு முன்தோல் வெடித்து, சிவந்து, பின்னுக்குத் தள்ள முடியாமல் போகும். யூரின் அதில் பட்டால் உயிர் போகும். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைப்பதும், க்ளோட்ரிமசோல் க்ரீமும் பெரும்பாலும் போதும். மாத்திரையை அவர்களாக நிறுத்தக் கூடாது. திரும்பத் திரும்ப வந்தால் சுகர் டாக்டர் மாற்றிக் கொடுப்பார். விதைப்பைத் தோல் கறுத்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், அரிதுதான், ஆனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

பெரம்பூர்_மெடிக்கல்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. இளைஞர்கள் நண்பனுக்கு என்று சொல்லித்தான் கேட்கிறார்கள், அவர்களிடம் எப்படிப் பேசுவது? இன்னொன்று, கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு, பார்லித் தண்ணி, வாழைத்தண்டு, நெருஞ்சில் கஷாயம் என்று பாட்டிமார் சொல்வதை என்ன சொல்லி அனுப்புவது?

தோல்_பால்வினை

நண்பனுக்கு என்றே வைத்துப் பேசுங்கள், சங்கடம் வராது. "உங்க ஃப்ரெண்டுக்குச் சீழ் மாதிரி ஏதாவது வடியுதா?" கெட்டியாக மஞ்சளாக, தொடர்பு ஏற்பட்ட சில நாட்களில் வந்தால் கொனோரியா. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத் தண்ணீராகக் கசிந்தால் க்ளமிடியா. இரண்டும் சேர்ந்தே இருப்பது சகஜம். இங்கே டெஸ்ட் வேறு மாதிரி: நடு யூரின் கூடாது, ஒரு மணி நேரமாவது அடக்கி, முதலில் வரும் 20 மி.லி.யைப் பிடித்து என்.ஏ.ஏ.டி. (கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) பார்க்க வேண்டும். கல்ச்சர்_பிளேட் சொன்ன முறையில் கல்ச்சர் மட்டும் எடுத்தால் இவர்களுக்குக் கிருமியே இல்லை என்று வரும்.

ராஜீவ் காந்தி ஜி.எச்.சில் பால்வினை நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது, மருந்து இலவசம். க்ளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. இருவேளை 7 நாள். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்கக் கூடாது, தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கொனோரியாவுக்கு ஊசி. துணைக்கும் மருந்து கொடுத்து, முடிந்து 7 நாள் வரை உறவு வேண்டாம். எச்.ஐ.வி., சிஃபிலிஸ் டெஸ்ட்டும் கூடவே எடுத்துவிட வேண்டும். நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) காசில்லாமல் எடுக்கலாம். போகத் தயங்குகிறவரிடம் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணைக் கொடுங்கள், பெயர் சொல்லாமல் பேசலாம்.

ஓஜி_வார்டு

சுண்ணாம்பால் கெடுதல் இல்லை, நல்லதும் இல்லை. அது தடவியதும் சரியானவர்கள் கூடவே இரண்டு சொம்பு தண்ணீரும் குடித்திருப்பார்கள். பார்லியும் வாழைத்தண்டும் அளவாகக் குடித்தால் யூரின் நீர்த்து எரிச்சல் குறையும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல், பஸ்ஸிலும் வேலையிடத்திலும் அடக்கி வைத்ததால் வந்த வெறும் கடுப்பு அதிலேயே ஒரு நாளில் அடங்கும். ஒரு நாளில் அடங்கவில்லை என்றால் சாம்பிள் கொடுக்கச் சொல்லுங்கள். இளநீர், வாழைத்தண்டு இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், கிட்னி நோயாளிக்கு வேண்டாம். தண்ணீர் விஷயத்தில் உருப்படியான ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது: குறைவாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி இன்ஃபெக்‌ஷன் வந்த பெண்களில், தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி 1.7 தடவைதான் வந்தது, வழக்கம்போலவே குடித்தவர்களுக்கு 3.2 தடவை. பாட்டிமாரோடு சண்டை போட வேண்டியதில்லை.

யூரோ_ஓபி

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கவுன்டரில் வரும்: பழைய சீட்டோடு "அதே மாத்திரை இன்னொரு கோர்ஸ்". கொடுக்காதீர்கள். மருந்து முடிந்து இரண்டு வாரத்துக்குள் திரும்பினால் கல்ச்சர் வேண்டும், அதே மருந்து பெரும்பாலும் வேலை செய்யாது. 6 மாதத்தில் 2 தடவை அல்லது வருடத்தில் 3 தடவை வந்தால் ஸ்கேன் எடுத்து, யூரின் போன பிறகு நீர்ப்பையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். சீழ் செல் மட்டும் இருந்து, கல்ச்சரில் திரும்பத் திரும்ப ஒன்றும் வளராமல், கூடவே எடை குறைந்தாலோ யூரினில் ரத்தம் வந்தாலோ நம் ஊரில் டி.பி.யை நினைக்காமல் விடக் கூடாது. அதற்கு நடு யூரின் போதாது. தொடர்ந்து குறைந்தது மூன்று நாள், விடிகாலை முதல் யூரின் முழுவதையும் பிடித்துக் கொடுக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் டெஸ்ட்டும் மருந்தும் இலவசம்.